உச்சந்தலை முடிச்சு

“மலையில நீ மொத்தமா எத்தன மூஞ்சியப் பாத்திருப்ப? எரநூறு இருக்குமா? அத வெச்சுக்கிட்டு நாட்டுல இருக்கிறவன் மூஞ்சியெல்லாம் எப்படிப் பாத்துச் சொல்லுவ?”

ஆள் எடுக்க வந்தவர் இப்படிக் கேட்டபோது அவர் கையில் என் பட்டச் சான்றிதழ் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு, அம்மாவும் கைநாட்டு. அந்தச் சான்றிதழை அவர் இரண்டு விரலால் பிடித்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

“அந்த எரநூறு பேரையும் பனியில, பின்னாடி இருந்து பாத்தே யாருன்னு சொல்லுவேன் சார். நீங்க முன்னாடி இருந்துதான பாக்கச் சொல்றீங்க?” என்றேன்.

வேலை கிடைத்தது.

அந்த வேலையிலிருந்து இருபத்தெட்டாவது வயதில் ஓய்வு பெற்றேன். ஓய்வு என்பது நாங்களாக வைத்துக்கொண்ட சொல். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நிறுத்தி நாடு முழுவதற்கும் சட்டம் வந்ததும் எங்கள் நிறுவனம் தன் சீட்டு மேசைகளை மூடியது. சில நாட்களில் எங்களையும் வீட்டுக்கு அனுப்பியது. “பென்சன் இல்லாத ரிட்டயர்டுங்க நம்ம” என்று சிரித்தபடி கணினிகளை அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த கவிதா இப்போது வேறொரு நிறுவனத்தில், இணையத்தில் தேர்வு எழுதுகிறவர்களின் முகத்தைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறாள். போன மாதம் அழைத்தாள்.

“அக்கா, இங்க புதுசா வந்த புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கோணும். அந்தப் பொன்னுசாமி கேச நீங்களே எழுதிக் குடுத்துருங்க. நான் சொன்னா பேய்க் கதைன்னு சிரிக்கிறாளுக.”

பேய்க் கதை இல்லை. ஆனால் எழுத உட்கார்ந்த பிறகு இரண்டு முறை எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

எங்கள் அலுவலகம் சேந்தமங்கலத்தில், ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது. நீளமான ஒரே அறை. கணினிகள் இரண்டு வரிசையாகச் சுவரைப் பார்த்திருக்கும். சீட்டாட்ட நிறுவனம் வெளியூரில். அதற்காக முகம் பார்த்துக் கொடுக்கும் கிளை நாங்கள். அரசு விதி என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது ஏறக்குறைய ஒரே வரி: கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரேதான் ஆடுகிறார் என்று உறுதி செய்ய வேண்டும். சிறுவர்கள் அப்பா பெயரில் ஆடக் கூடாது. ஆடி ஆடி நொந்து, “இனி என்னை உள்ளே விடாதீர்கள்” என்று எழுதிக் கொடுத்தவர்கள் வேறு பெயரில் திரும்பி வரக் கூடாது. அந்த ஒரு வரிதான் எங்களுக்குச் சோறு போட்டது.

ஆடுகிறவர் தன் போனை முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, நேராகப் பார் என்று திரை சொல்லும். பிறகு நான்கு எண்கள் வரும். அவற்றை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இது கணக்குத் தொடங்கும்போது ஒரு முறை, பிறகு அவ்வப்போது மறுமுறை. பெரும்பாலான முகங்களை இயந்திரமே சரிபார்த்துவிடும். அது சந்தேகப்படும் முகங்கள் மட்டும் எங்கள் திரைக்கு வரும். கழுத்துக்கு மேல் மட்டும் உள்ள மனிதர்கள். இடம், வலம், நேர், நான்கு எண்கள். முதல் மாதம் தூக்கத்தில் அந்தத் தலைகள் வந்தன. பிறகு பழகிவிட்டது.

பழகியது என்று சொன்னாலும் ஒன்று மட்டும் கடைசிவரை பழகவில்லை. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து மலைக்குப் பேருந்து ஏறுவேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பேருந்தில் உள்ள எல்லாத் தலைகளும் சேர்ந்து இடப்பக்கம் சாயும். அடுத்த வளைவில் சேர்ந்து வலப்பக்கம் சாயும். பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். இந்த வேலைக்குப் பிறகு, அத்தனை பேரும் யாரோ சொல்லச் சொல்லத் திரும்புவது போல இருந்தது.

எங்கள் மேலாளர் நசீமா மேடம். கீழே இருந்த துணிக்கடை அவர்கள் குடும்பத்துடையது. கடையில் இருந்தபோது ஒரு முறை வந்த வாடிக்கையாளரை மூன்று வருடம் கழித்தும் அடையாளம் சொல்வாராம். முப்பத்தைந்து வயதுதான். குரலை உயர்த்த மாட்டார். நாம் செய்தது சரி என்றும் சொல்ல மாட்டார், தவறு என்றும் சொல்ல மாட்டார். நாற்காலியை இழுத்து நம் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, டப்பாவிலிருந்து நாலு சோம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “இன்னொருக்கா ஓட்டுங்க வளரு” என்பார், என் பெயரைச் சொல்லி. அவ்வளவுதான். அந்த ‘இன்னொருக்கா’ வந்தால் ஏதோ விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

சந்தேகமான காட்சியை அவர் இரண்டு முறை ஓட்டுவார். முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் படம் மட்டும். இரண்டாவது முறை திரையை ஒரு அட்டையால் மறைத்துவிட்டு ஒலி மட்டும். “ரெண்டையும் சேத்துப் பாத்தா ஒண்ணு இன்னொண்ண ஏமாத்திரும்” என்பார். படத்தில் அவர் முதலில் பார்ப்பது கண்ணை. திரும்பச் சொன்னால் மனிதர்களுக்கு முதலில் கண் போகும். தலை அதன் பின்னால் போகும். சற்றுத்தான் முன்பின், ஆனாலும் கண் முந்தும். அச்சடித்த படத்தைப் போன் முன்னால் ஆட்டுகிறவனைப் பிடிக்க அவர் கண்டுபிடித்த வழி அது. கண் முந்தாத முகத்தைக் கண்டால், “இது படம்” என்பார்.

நானும் அங்கே ஒரு பெயர் வாங்கினேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது.

எங்கள் மலைக்காரர்களின் முகங்களை இயந்திரம் அடிக்கடி திருப்பி அனுப்பியது. காரணம், துண்டு. மார்கழி, தையில் எங்கள் ஆண்கள் காதை மூடித் துண்டு கட்டாமல் வெளியே வர மாட்டார்கள். இயந்திரத்துக்கு அது முகமூடி. இன்னொரு காரணம், எண். என் அப்பாவைப் போல எழுத்தறியாதவர்களுக்கு நான்கு எண்களைப் பக்கத்தில் ஒருவர் படித்துக் காட்டினால்தான் திருப்பிச் சொல்ல முடியும். இரண்டு குரல் கேட்டால் இயந்திரம் நிராகரித்துவிடும். சூதாட்டத்துக்காக நான் வாதாடவில்லை. எங்கள் முகம் முகமில்லை என்று ஒரு இயந்திரம் சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை. தலைமை அலுவலகத்துக்கு மூன்று பக்கம் எழுதினேன். துண்டு கட்டிய மலைவாசிகளையும், பக்கத்தில் ஒருவர் எண் சொல்லிக் கொடுக்கும் முதியவர்களையும் சரிபார்ப்பவர் தன் முடிவில் ஒப்புக்கொள்ளலாம் என்று விதியில் சேர்த்தார்கள். அதற்கு எல்லோரும் ‘மலை விலக்கு’ என்று பெயர் வைத்தார்கள். எங்கள் சுவரில் அச்சடித்து ஒட்டியிருந்தது. அடியில் என் பெயர் இருந்தது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்ப்பேன். அடுத்த மாதத்திலிருந்து என்னைக் குழுத்தலைவியாக்குவதாகவும் பேச்சு இருந்தது.

அப்படி இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, புகார்ப் பிரிவிலிருந்து ஒரு அழைப்பை என்னிடம் மாற்றினார்கள். மலைப் பேச்சு புரியவில்லை என்றால் என்னிடம்தான் வரும்.

“ஏனுங்க, குண்டூர் நாட்டுல இருந்து பேசறேனுங்க. எம் பேரு மல்லிகா. எங்க மாமனாரு பொன்னுசாமி செத்துப் போயி காரியமெல்லாம் முடிஞ்சுதுங்க. ஆனா உங்க போன்ல இருந்து அவர இன்னும் கூப்புடறாங்க.”

“எப்படிக் கூப்புடறாங்க?”

“பேரச் சொல்லித்தானுங்க. விடியால அஞ்சு மணிக்கு ஆரம்பிக்குது. ‘வணக்கம் பொன்னுசாமி’ன்னு ஒரு பொம்பளப் புள்ள கூப்புடறா.”

அது எனக்குத் தெரிந்த குரல்தான். நள்ளிரவு முதல் விடியற்காலை வரை மேசைகள் மூடியிருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. திறக்கும் நேரத்தில் நிறுவனம் எல்லோரையும் பெயர் சொல்லி வரவேற்கும்.

“ஆடறது ஆருங்க?” என்றேன்.

“எங்கூட்டுக்காரருதானுங்க. சேகரு. அவரு கணக்க நாந்தான் அழுது பொரண்டு மூட வெச்சேன். அப்பறம் அப்பா பேருல தொறந்துக்கிட்டாரு. மூடிக் குடுங்க மேடம். மொளகுக் காடு ஒண்ணுதான் பாக்கி நிக்குது. அதும் போச்சுன்னா நானும் எம் புள்ளையும் கீழ எறங்கிக் கோழிப்பண்ணைக்குத்தான் போவோணும்.”

நான் விதியைச் சொன்னேன். கணக்கை மூட வேண்டுமென்றால் கணக்குக்குரியவர் முகத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசு மரணச் சான்றுடன் விண்ணப்பிக்க வேண்டும்.

மல்லிகா சிரித்தாள். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

“வாரிசு அவருதானுங்களே. அவரு எங்க எழுதிக் குடுக்கப் போறாரு? அப்ப செத்தவரத்தான் எழுந்து வந்து மூஞ்சி காட்டச் சொல்லோணும், இல்லீங்களா?”

மறுநாள் சனிக்கிழமை. பேருந்தில் என்னைப் பார்த்த எதிர் இருக்கையில் ஒரு பெரியவர் துண்டு கட்டியபடி தூங்கிக்கொண்டிருந்தார். வளைவுகள் தொடங்கின. அவர் தலை இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது. கண் பாதி திறந்திருந்தது. தலை போன இடத்துக்குக் கண்ணும் சும்மா போனது. கண் முந்தவில்லை.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. இருபதாவது வளைவு, முப்பதாவது வளைவு என்று மேலே ஏற ஏற எனக்கு அது துலங்கியது. இரண்டு மூன்று வாரத்துக்கு முன் என் திரையில் வந்த ஒரு முதியவர். வெள்ளைத் துண்டு. பாதி திறந்த கண். இயந்திரம் ‘கண் தெளிவில்லை’ என்று அனுப்பியிருந்தது. நான் மலை விலக்கின்படி ஒப்புக்கொண்டு, “குளிர், துண்டு, முதியவர், மகன் எண் சொல்லித் தருகிறார்” என்று குறிப்பும் எழுதியிருந்தேன். ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் பார்த்தேன், எங்கள் மலையின் ஒரு பகுதியான குண்டூர் நாடு என்றிருந்தது, நம் ஆள் என்று பச்சையை அழுத்தினேன்.

எதிர் இருக்கைப் பெரியவர் துண்டின் முடிச்சு நாடிக்குக் கீழே இருந்தது. எங்கள் மலையில் எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்கள். என் திரையில் வந்தவரின் முடிச்சு உச்சந்தலையில் இருந்தது.

துண்டை நாடிக்கடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிவது ஒரே ஒருவருக்குத்தான். வாய் திறந்துகொள்ளாமல் இருக்க, உயிர் போனதும் கட்டுவது. நாடிக்கட்டு என்போம். விளையாட்டுக்கு அப்படிக் கட்டிக்கொண்டால்கூட எங்கள் ஊரில் அம்மாக்கள் முதுகில் ஒன்று வைப்பார்கள். கீழே உள்ளவர்களும் இறந்தவருக்கு நாடி கட்டுவார்கள், ஆனால் குளிருக்குக் கட்டினால் மலையில் முடிச்சு எங்கே வரும் என்று அவர்களுக்குத் தெரியாது, இயந்திரத்துக்கும் தெரியாது. அந்த அலுவலகத்தில் அது தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்.

மீதி வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் என் தலையும் சாய்வதை உணர்ந்து திறந்துவிட்டேன்.

ஆடுகிறவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் விதி. பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு ஞாயிறு காலை போனேன். எங்கள் வாசலூர்பட்டியிலிருந்து ஒரு ஜீப், பிறகு மரவள்ளிக் காட்டு வழியே நடை. பத்து மணிக்கும் பனி விலகவில்லை. முன்னால் போகிறவரின் கால் தெரியும், தலை தெரியாது. அப்படி ஒரு பனி.

மல்லிகா வாசலில் மிளகு காயப்போடப் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயது சிறியவளாக இருப்பாள். நான் யாரென்று சொன்னதும் கையைப் புடவையில் துடைத்தாள்.

“ஆபீசுல இருந்து ஊட்டுக்கே வந்துட்டீங்களா? வாங்க உள்ள. அத்தை இருக்காங்க, எதாச்சும் சொன்னா மனசுல வெச்சுக்காதீங்க.”

உள்ளே சுவரில் பொன்னுசாமியின் படம், மாலையோடு. அதன் கீழே ஒரு மரப்பலகை. பலகையில் விளக்கு இல்லை. ஒரு போன், சார்ஜர் வயரோடு, டப்பாவில் சாய்த்து நிறுத்தியிருந்தது. போனுக்கு முன்னால் ஒரு தட்டில் சாமைச் சோறும் கீரையும். சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

“உக்காரு சாமி. அவரு இன்னும் சாப்புடல” என்றார் என்னிடம்.

நான் மல்லிகாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

அப்போது போன் வெளிச்சமானது. “வணக்கம் பொன்னுசாமி. உங்கள் மேசை காத்திருக்கிறது.” இனிமையான, அவசரமில்லாத குரல்.

“இருங்க சாமி, வாராரு” என்றார் மாமியார், போனைப் பார்த்து. பிறகு என்னிடம் திரும்பி விளக்கினார். “ஆரோ கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க கண்ணு. போய்ச் சேந்துட்டாருன்னா எதுக்குக் கூப்புடறாங்க? அப்ப இன்னும் இங்கதான் எங்கியோ நிக்கறாரு. பசியோட நிப்பாருல்ல?”

பின்பக்கக் கதவு வழியே சேகர் வந்தான். ஒல்லியாக, தூங்காத கண்ணோடு. தன் அம்மாவைத் தாண்டிக் கை நீட்டிப் போனை எடுத்தான். வயரைப் பிடுங்கினான். தட்டின் விளிம்பில் அவன் கை பட்டு இரண்டு பருக்கை கீழே விழுந்தது.

“உங்கப்பா பேருல நீங்க ஆடறீங்களா?” என்றேன்.

“நான் ஆடல. நான் எழுதிக் குடுத்துட்டேன், என் கணக்கு மூடியாச்சு. அப்பா ஆடறாரு.” கிண்டல் இல்லை. சாதாரணமாகச் சொன்னான். போனை என் பக்கம் திருப்பினான். பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக். “பாருங்க. செத்துட்டாருன்னா உங்க ஆபீசு சொல்லியிருக்கும்ல? உசுரோட இருக்காருன்னு பச்சை போட்டுக் குடுத்திருக்காங்க.”

அந்தப் பச்சையை அழுத்திய விரல் என்னுடையது என்பது அவனுக்குத் தெரியாது. சிக்னல் நன்றாகக் கிடைக்கும் மேட்டைப் பார்த்து அவன் போய்விட்டான். பனி அவனை இடுப்பிலிருந்து மேல்நோக்கி விழுங்கியது.

“கெலிச்சா ‘நான் கெலிச்சேன்’ங்கறாரு. தோத்தா ‘அப்பா தோத்துட்டாரு’ங்கறாரு” என்றாள் மல்லிகா. “நாளன்னிக்கு மொளகுக் காட்டுப் பத்திரத்த எடுத்துக்கிட்டு அடகு வெக்கக் கீழ போறாராம். சொல்லிட்டாரு.”

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போனேன். பொன்னுசாமியின் கணக்கைத் திறந்தேன். இரண்டு காட்சிகள் இருந்தன. முதலாவது கணக்குத் தொடங்கியபோது எடுத்தது. பெரியவர் வெட்கத்தோடு சிரிக்கிறார். இடப்பக்கம் திரும்பச் சொன்னதும் கண் ஓடுகிறது, பிறகு தலை. நான்கு எண்களில் ஒன்றைத் தப்பாகச் சொல்லி, நாக்கைக் கடித்து, மறுபடி சொல்கிறார். மகன் பின்னாலிருந்து சிரிக்கிற சத்தம்.

இரண்டாவது, நான் ஒப்புக்கொண்டது. ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டினேன். அதே முகம். மேலே முடிச்சு. தலை இடப்பக்கம் போனது. காதுக்குப் பின்னால், துண்டின் மடிப்புக்குள், நான்கு விரல் நுனிகள். தலை வலப்பக்கம் போனது. பெருவிரல். நேராக வந்தபோது கண் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த எதையும் பார்க்கவில்லை.

பக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம். நசீமா மேடம் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. சோம்பு வாசம் வந்தது. அவர் அட்டையால் திரையை மறைத்தார்.

“இப்பச் சத்தம் மட்டும்.”

ஓட்டினேன். துணி உரசும் சத்தம். பெண்கள் தாழ்ந்த குரலில் ஏதோ முனகுவது, அழுது ஓய்ந்தவர்களின் குரல். ஓர் ஆண், கரகரப்பான குரலில், நான்கு எண்களைச் சொல்கிறான். சற்று இடைவெளி விட்டு அதே நான்கு எண்களை இன்னும் தாழ்ந்த, வயதான குரலில் சொல்கிறான். கடைசியில், தூரத்தில், ஒரு பெண்:

“ஏனுங்க, தண்ணி காஞ்சிருச்சு. மாமாவக் குளிப்பாட்டோணும், வாங்க.”

மல்லிகாவின் குரல். வெள்ளிக்கிழமை போனில் பேசிய அதே குரல். அவள் அறைக்கு வெளியே நின்று கூப்பிட்டிருக்கிறாள். உள்ளே என்ன நடந்தது என்று அவளுக்கு அன்றும் தெரியாது. நானும் இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

மேடம் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். சோம்பை மெல்வதை நிறுத்தியிருந்தார். அரபியில் ஏதோ முணுமுணுத்தார். இறந்தவர்களுக்காகச் சொல்வது என்று பின்னால் சொன்னார்.

தவறான ஒப்புதலைத் திரும்பப் பெற ஒரு படிவம் இருந்தது. அதில் ஒரு கேள்வி: தவறு எங்கே நேர்ந்தது? இயந்திரம், ஆவணம், சரிபார்ப்பவர் என்று மூன்று கட்டங்கள். நாங்கள் எல்லோரும் எப்போதும் ‘இயந்திரம்’ என்றுதான் குறிப்போம். இயந்திரம் கோபித்துக்கொள்ளாது. ஆனால் அப்படிக் குறித்தால் அது தொழில்நுட்பப் பிரிவுக்குப் போய், வரிசையில் நின்று, தீர வாரக்கணக்கில் ஆகும். ‘சரிபார்ப்பவர்’ என்று குறித்தால் கணக்கு அந்த நிமிடமே மூடப்படும். மல்லிகாவுக்கு இருந்தது ஒரு நாள்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கட்டத்தின் முன்னால் நான் உட்கார்ந்திருந்தது நீண்ட நேரம். சுவரில் மலை விலக்கு இருந்தது, என் பெயரோடு. மலையிலிருந்து வந்தவள் என்ன கண்டுபிடிப்பாள் என்று கேட்டவரின் இரண்டு விரல்கள் நினைவுக்கு வந்தன. ‘இயந்திரம்’ என்று குறித்தால் நான் குழுத்தலைவி. அந்த இயந்திரமாவது கண் தெளிவில்லை என்று சந்தேகப்பட்டது.

‘சரிபார்ப்பவர்’ என்று குறித்தேன். காரணம் என்ற இடத்தில் எழுதினேன்: “முடிச்சு உச்சந்தலையில் இருந்தது. மலையில் உயிரோடு இருப்பவர் அப்படிக் கட்டுவதில்லை. இது எனக்குத் தெரியும். நான் பார்க்கவில்லை.”

மேடம் அதை ஒரு முறை படித்தார். இன்னொரு முறை படித்தார். “இன்னொருக்கா” என்று சொல்வாரோ என்று காத்திருந்தேன். அவர் சோம்பு டப்பாவை என் பக்கம் தள்ளினார். “அனுப்புங்க” என்றார்.

மதியத்துக்குள் துண்டு, எண் என்ற மலை விலக்கு இரண்டையும் தலைமை அலுவலகம் ரத்து செய்தது. சுவரிலிருந்து தாளைக் கிழித்தது நானேதான். மூன்று மணிக்கு எங்கள் வாசலூர்பட்டிக்காரர் ஒருவரின் முகம் வந்தது. முடிச்சு நாடிக்குக் கீழே, கண் முந்துகிறது, கேமராவைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார். துண்டு இருந்ததால் நிராகரித்தேன். குழுத்தலைவி வேலை இன்னொருவருக்குப் போனது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன், பட்டச் சான்றிதழ் இருக்கும் அதே உறையில்.

அந்த வாரக் கடைசியில் மல்லிகா அழைத்தாள்.

“செவ்வாக்கெழம விடியால போன் கூப்புடலீங்க மேடம். அவரு போனத் தட்டித் தட்டிப் பாத்தாரு. பச்சையும் இல்ல, பேரும் இல்ல. பத்திரத்த மடிச்சு வெச்சுட்டுத் திண்டாடிக்கிட்டே உக்காந்திருந்தாரு.”

“அத்தை?”

“அத்தை ரொம்ப நேரம் காத வெச்சுக் கேட்டாங்க. அப்பறம் ‘கூப்புடறத நிறுத்திட்டாங்க, போய்ச் சேந்துட்டாரு’ன்னாங்க. எந்திரிச்சுப் போயித் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டாங்க. அதுல இருந்து தட்டு வெக்கிறதில்லீங்க.”

அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் பெரிய சட்டம் வந்தது, எங்களை வீட்டுக்கு அனுப்பியது. என் வேலையைத் தின்ற சட்டத்தை நான் திட்டவில்லை. அந்தச் சோற்றுத் தட்டைப் பார்த்தவள் திட்ட முடியாது. ஆனால் சேகரைப் போன்றவர்கள் நாடு கடந்த ஏதேதோ தளங்களில் ஆடுகிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். அங்கே முகம் கேட்பாரே இல்லை. சேகர் மிளகுக்கு ஏணி தூக்குகிறான் என்று மல்லிகா போன மாதம் சொன்னாள். வேறு எதையும் ஆடுகிறானா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பணம் வைக்காத விளையாட்டுகளுக்கு வயதையும் முகத்தையும் சரிபார்க்க விதிகள் எழுதப்போகிறார்கள் என்று கவிதாதான் சொன்னாள். வரைவைப் படித்து யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். வரைவை இரண்டு முறை படித்தேன். இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று பல பக்கங்கள். சந்தேகம் வந்தால் பார்க்கும் மனிதர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. சந்தேகமான முகத்தைப் படம் தனியாகவும் ஒலி தனியாகவும் பார்க்க வேண்டும், ஒப்புதல் தந்தவரே தன் தவறை அன்றைக்கே திரும்பப் பெற வழி வேண்டும், இறந்தவரின் கணக்கை மூட வீட்டில் உள்ள எவர் கேட்டாலும் போதும் என்று எழுதினேன். பொன்னுசாமி பெயரை மாற்றி, நடந்ததை எழுதினேன். ஒப்புதல் கொடுத்தவர் பெயரை மாற்றவில்லை.

நேற்றுக் காலை அதை அனுப்பினேன். அனுப்புகிறவர் யார் என்று தெரிய முகத்தைக் காட்டச் சொன்னது அந்தத் தளம். பனி அடித்துக்கொண்டிருந்தது, காதை மூடித் துப்பட்டா கட்டியிருந்தேன், முடிச்சு நாடிக்குக் கீழே. ‘துணியை அகற்றவும்’ என்று திரை சொன்னது. அவிழ்த்து மடியில் வைத்தேன். காது சில்லிட்டது. இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினேன். வலப்பக்கம் திரும்பினேன். நான்கு எண்கள் வந்தன. நானே படித்தேன்.

பச்சை டிக் வந்தது. பொன்னுசாமிக்கு வந்த அதே பச்சை.